பித்தக்கான் புற்றுநோயும் சத்திரசிகிச்சையின் வரலாறும்

தோற்றுவாய்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்தில், வறண்ட வலயத்துச் சமநிலத்தினின்று தனித்தெழுந்த பெரும்பாறையொன்றின் அடியில் அமைந்த ஊர் தம்புள்ளை. கி. மு. முதலாம் நூற்றாண்டில் அரசிழந்த வலகம்பா மன்னன் அப்பாறைக் குகைகளிலே மறைந்து வாழ்ந்தான் என்றும், மீண்டும் அரசெய்திய பின்னர் அவற்றைக் கோயிலாக்கினான் என்றும் மரபு கூறும். கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூர் சாலைகளாலும் பெயர்பெற்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையும், குருநாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் இங்கேதான் கூடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளரும் இவ்வழியே வந்தனர். வழியில் நோயால் மாண்டோர் அவருட் பலர்.

இச்சாலைகளை மருத்துவ வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலனாகும். வடக்கே செல்லும் சாலையில் மிகிந்தலையின் பண்டை வைத்தியசாலை சிதைந்து கிடக்கின்றது. கிழக்கே திரும்பினாற் பொலன்னறுவையின் வைத்தியசாலை உள்ளது. வடக்குச் சாலையின் முடிவிலே, மேனாட்டு மருத்துவம் முதன்முதல் தமிழ்மொழியிற் கற்பிக்கப்பட்ட யாழ்ப்பாணம் உள்ளது. தெற்கே சுமார் 72 கிலோமீற்றர் தொலைவிற் கண்டியின் பெரிய வைத்தியசாலை நிற்கின்றது. ஆகவே இச்சந்தியில் நிற்பவன் ஈழத்து மருத்துவத்தின் மூன்று காலங்களுக்கு நடுவே நிற்கின்றான் எனலாம்.

அம்மூன்று காலத்து மருத்துவரும் கண்ட நோய்க்குறி ஒன்று உண்டு. அது மஞ்சட்காமாலை. கண்ணும் தோலும் மஞ்சளாதலை எக்காலத்தவரும் கண்டனர். ஆயின் அம்மஞ்சளுக்குக் காரணமாய் உடலின் ஆழத்திலே ஒரு சிறு குழாயை அடைத்துக்கொண்டு வளரும் புற்றுநோயை அறிந்ததும், அதனை வெட்டி நீக்கி நோயாளியை உயிருடன் வீட்டுக்கு அனுப்பியதும் மிக அண்மைக் காலத்து நிகழ்ச்சிகளே. பித்தக்கான் புற்றுநோயின் சத்திரசிகிச்சை எவ்வாறு வளர்ந்தது, அதனால் நோயாளியின் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை ஈழத்து வைத்தியசாலைகள்

பண்டை ஈழத்தில் மருத்துவம் அரசனின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. கி. பி. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னன் தானே சிறந்த வைத்தியனாக விளங்கினான் எனச் சூளவமிசம் கூறும். நோயுற்ற நாகமொன்றின் வயிற்றைக் கீறிக் குணப்படுத்தினான் என்னும் கதையும், பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்தான் என்னும் செய்தியும் அந்நூலில் உள்ளன. நாகத்தின் கதையை வரலாறெனக் கொள்ளல் அரிது. ஆயினும் வயிற்றைக் கீறுதல் மிக உயர்ந்த மருத்துவத் திறனாக அக்காலத்தவரால் எண்ணப்பட்டது என்பதற்கு அக்கதை சான்றாகும். பத்துக் கிராமத்துக்கு ஒரு வைத்தியர் என்னும் செய்தியோ அதனினும் சிறந்தது. நோயாளி வைத்தியரை அடையும் தூரத்தைக் குறைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை அது காட்டுகின்றது.

மிகிந்தலை வைத்தியசாலை ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் சேனனின் காலத்ததாகக் கொள்ளப்படுகின்றது. மனித உடலின் வடிவிற் குடையப்பட்ட கல்லாலான மருந்துத் தோணி அங்கே இன்றும் உள்ளது. நோயாளியை அதிற் கிடத்தி மூலிகை எண்ணெயில் அமிழ்த்துவர் என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமவாகு அமைத்த ஆளாகனப் பிரிவேனாவை அகழ்ந்தபோது ஒரு வைத்தியசாலையும், இடுக்கிகள், கத்தரிகள் முதலிய சத்திரக் கருவிகளும் வெளிப்பட்டன. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றவும், புண்ணைத் துப்புரவாக்கவும், உடலிற் புகுந்த பொருளை எடுக்கவும் இத்தகைய கருவிகள் பயன்படக்கூடியவை.

காமாலைக்கு அக்கால வைத்தியர் செய்தது யாது? வாதம், பித்தம், கபம் என்னும் முத்தோடக் கொள்கைப்படி அது பித்தத்தின் கேடு எனப்பட்டது. கீழ்க்காய்நெல்லி முதலிய மூலிகைகளும் பத்தியமும் விதிக்கப்பட்டன. காமாலையுட் பெரும்பகுதி ஈரலின் தொற்று நோயால் வருவது. அதுவோ பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே தணிவது. ஆதலால் மருந்துண்டோர் பலர் குணமடைந்தனர். மருந்தும் புகழ் பெற்றது. தணியாத காமாலையால் இறந்தோரின் நோய் வேறென்பதை அறிய அன்று வழி இருக்கவில்லை. ஐரோப்பிய மருத்துவமும் பல நூற்றாண்டுகள் இதே நிலையிலேயே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழில் வந்த உடற்கூறு

உட்கருவி நோயை அறிதற்கு முதற்படி உடற்கூற்றறிவு. அவ்வறிவு தமிழுக்கு வந்த வரலாறு பெருமைக்குரியது. அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணத்தை அடைந்து, வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் மருத்துவத் தொண்டாற்றினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்படுவர். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர் பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தம் மாணாக்கர் தம் ஊராரிடையே தங்கிப் பணிபுரிய வேண்டுமாயின் அவர்தம் மொழியிலேயே கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1867 இல் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலும், 1872 இல் கிறேயின் உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலும் இம்முயற்சியால் வெளிவந்தன.

இவ்வாண்டுகளை உலக வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கியது 1870 இல். பித்தப்பையை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையை உலகில் முதன்முதற் செய்தவர் பேர்லின் நகரத்துக் கார்ல் லாங்கன்புக். அது நிகழ்ந்தது 1882 யூலை 15 ஆம் நாள். ஆகவே மானிப்பாயில் ஒரு தமிழ் மாணாக்கன் தன் மொழியில் மனித உடற்கூற்றைப் படித்தபோது, பேர்லினிலோ இலண்டனிலோ எந்தச் சத்திரவைத்தியரும் பித்தப்பையை வெட்டி எடுத்திருக்கவில்லை. படத்திற் கண்ட உறுப்புக்கும் கத்தி தொடும் உறுப்புக்கும் இடையே பெருந்தூரம் இருந்தது. அத்தூரத்தை உலகம் கடந்த வரலாறே இனிக் கூறப்படுவது.

நோயின் இயல்பு

ஈரலில் ஊறும் பித்தநீர் சிறு கான்கள் பலவற்றின் வழியே திரண்டு, வலப்புறத்து ஒன்றும் இடப்புறத்து ஒன்றுமாக இரு கான்களாகி, ஈரலின் வாயிலில் ஒன்றுசேர்கின்றது. அங்கிருந்து இறங்கும் பொதுக்கான் பித்தப்பையின் கானையும் சேர்த்துக்கொண்டு, சதையியின் தலைப்பாகத்தை ஊடுருவி, முன்சிறுகுடலிற் சென்று திறக்கின்றது. இப்பாதையின் எப்பகுதியிலும் புற்றுநோய் தோன்றலாம். ஈரலுக்குள்ளே தோன்றுவது ஒரு வகை. ஈரலின் வாயிலிற் கான்கள் கூடுமிடத்தில் தோன்றுவது மற்றொரு வகை. குடலை அணுகிய கீழ்ப்பகுதியில் தோன்றுவது மூன்றாவது வகை. இம்மூன்றும் ஒரே பெயரைப் பெறினும், சத்திரவைத்தியர்க்கு மூன்று வேறு நோய்களேயாம்.

கானின் விட்டம் சில மில்லிமீற்றரே. ஆதலால் மிகச் சிறிய கட்டியும் அதனை அடைத்துவிடும். அதன்பின் பித்தம் குருதியிற் கலக்க, உடல் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், குடலுக்குப் பித்தம் செல்லாமையால் மலம் வெளிறும், தோல் அரிக்கும். நோவு பெரும்பாலும் இராது. 1890 இற் சுவிற்சலாந்து நாட்டு லுட்விக் கூர்வாசியே என்னும் சத்திரவைத்தியர் இங்கு ஓர் அரிய குறிப்பை வெளியிட்டார். காமாலையுற்றவனின் பித்தப்பை வீங்கிக் கைக்குத் தட்டுப்படுமாயின், அடைப்பிற்குக் காரணம் பித்தக்கல்லாக இருத்தல் அரிது என்பது அதன் சாரம். கல் நெடுங்காலம் உறுத்திய பித்தப்பை சுருங்கித் தடித்துவிடும். புற்றால் அடைபட்ட கானின் மேலுள்ள பித்தப்பையோ விரிந்து கொடுக்கும். கதிர்ப்படமோ ஒலியலைப் படமோ இல்லாத காலத்திற் கையொன்றினாலேயே நோயைப் பிரித்தறிய இக்குறிப்பு உதவிற்று. அவ்வாறு வீங்கிய பித்தப்பை ஈரலின் வாயிலுக்குக் கீழேயுள்ள அடைப்பையே காட்டும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

முதற் சத்திரசிகிச்சைகள்

அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்ரெட் 1898 பெப்புருவரியில், பித்தக்கான் குடலிற் திறக்கும் வாயிலிலே தோன்றிய புற்றை முன்சிறுகுடலின் ஒரு பகுதியோடு வெட்டி நீக்கி, கானை மீண்டும் குடலிற் பொருத்தினார். நோயாளி சத்திரசிகிச்சையைத் தாங்கினார். ஆயினும் புற்று மீண்டும் தோன்றியமையாற் சில மாதங்களில் இறந்தார். வெட்டுதல் இயலும், வெட்டியது போதாது என்னும் இரு பாடங்களையும் அந்நோயாளி உலகுக்குத் தந்து சென்றார். தம் இளமையில் 1882 இல் தம் தாயாரின் பித்தப்பையைத் திறந்து கற்களை அகற்றி அவரைக் காத்த ஹால்ஸ்ரெட், 1922 இல் தம் பித்தக்கானிற் கல்லால் நேர்ந்த நோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்று, அதன்பின் நேர்ந்த கேடுகளால் உயிர்நீத்தார். அக்காலத்திற் பித்தக்கானின் சத்திரசிகிச்சை எத்துணை ஆபத்தானது என்பதற்கு அத்துறையின் தலைசிறந்த ஆசிரியரின் முடிவே சான்றாயிற்று.

1909 இற் பேர்லினில் வால்ற்றர் கௌஷ் வேறொரு வழியைக் கண்டார். காமாலை முற்றிய நோயாளியின் உடல் பெருஞ் சத்திரசிகிச்சையைத் தாங்காது என உணர்ந்த அவர், முதலிற் பித்தப்பையைக் குடலோடு இணைத்துப் பித்தத்திற்கு மாற்றுவழி அமைத்தார். காமாலை தணிந்து உடல் தேறிய பின்னரே இரண்டாம் முறை வயிற்றைத் திறந்து, முன்சிறுகுடலையும் சதையியின் ஒரு பகுதியையும் புற்றோடு நீக்கினார். நோயாளி சுமார் 9 மாதம் வாழ்ந்து, பித்தக்கானின் அழற்சியால் இறந்தார். தம்புள்ளைக் குகையிலிருந்த மன்னன் காலம் பார்த்திருந்து நாட்டை மீட்டான் என்னும் மரபு இங்கு நினைவுக்கு வருதல் கூடும். காத்திருத்தலும் போரின் ஒரு பகுதியே என்பதைச் சத்திரசிகிச்சை கௌஷிடமிருந்து கற்றது.

இவ்வழியை நிலைபெறச் செய்தவர் நியூயோர்க் நகரத்து அலன் விப்பிள். பாரசீகத்தின் ஊர்மியா நகரில் அமெரிக்க மிசனரிப் பெற்றோர்க்குப் பிறந்த இவர், தம் துணைவர் இருவருடன் 1935 இல் மூன்று நோயாளர்களின் வரலாற்றை வெளியிட்டார். முதலாமவர் சத்திரசிகிச்சையின்பின் விரைவில் இறந்தார். குடற்றசையாலான தையல் நூலைச் சதையியின் நீர் செரித்துவிட, இணைப்பு விட்டுப்போனதே காரணம் எனக் கண்ட விப்பிள், அடுத்தவர்களுக்குப் பட்டு நூலைப் பயன்படுத்தினார். ஏனைய இருவரும் சத்திரசிகிச்சையைக் கடந்து பல மாதங்கள் வாழ்ந்தனர். ஓர் உயிருக்கும் மற்றோர் உயிருக்கும் இடையே நின்ற வேறுபாடு நூலின் வேறுபாடே என்பது சிந்திக்கத்தக்கது.

குருதி உறையாமையின் மருமம்

தையல் உறுதியான பின்னரும் ஒரு பெரும் பகை எஞ்சி நின்றது. காமாலையுற்ற நோயாளிக்குக் குருதி எளிதில் உறைவதில்லை. சத்திரசிகிச்சை நன்கு முடிந்த பின்னரும், வெட்டிய இடத்திலிருந்து குருதி கசிந்து கசிந்து நோயாளி மாள்வதைக் கண்டு சத்திரவைத்தியர் கையற்று நின்றனர். இம்மருமம் விளங்கியது வைத்தியசாலையிலன்று, கோழிக்குஞ்சுகளிடத்தே.

கோப்பன்கேகனில் ஹென்றிக் டாம் என்னும் விஞ்ஞானி, கொழுப்பு நீக்கிய உணவிற் கோழிக்குஞ்சுகளை வளர்த்து ஆராய்ந்தார். அவற்றின் தோலின் கீழும் தசையிலும் குருதி கசிவதை 1929 இல் அறிவித்தார். குருதி உறைவதற்கு வேண்டிய ஓர் உயிர்ச்சத்து அவ்வுணவில் இல்லை எனத் துணிந்து, 1935 இல் அதற்கு 'கே' எனப் பெயரிட்டார். இவ்வுயிர்ச்சத்து கொழுப்பிற் கரைவது. கொழுப்புச் செரிப்பதற்குக் குடலிற் பித்தம் வேண்டும். பித்தக்கான் அடைபட்டவனுக்குப் பித்தம் குடலை அடைவதில்லை; எனவே உயிர்ச்சத்தும் உடலிற் சேர்வதில்லை; எனவே குருதியும் உறைவதில்லை. சங்கிலியின் கண்ணிகள் யாவும் வெளிப்பட்டன. 1938 இல் அமெரிக்க வைத்தியசாலைகளில் இவ்வுயிர்ச்சத்து காமாலை நோயாளர்க்குக் கொடுக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு டாமுக்கும், அச்சத்தின் வேதியியலை விளக்கிய எட்வேட் டொய்சிக்கும் வழங்கப்பட்டது. குருதிக் கசிவின் அச்சம் நீங்கவே, 1940 இல் விப்பிள் இரு படிகளையும் ஒரே முறையிற் செய்து முடிக்க இயன்றது. கானின் கீழ்ப்பகுதிப் புற்றுக்கு இன்றும் செய்யப்படும் சத்திரசிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஈரல் வாயிலிற் புற்று

கான்கள் கூடும் ஈரல் வாயிலில் தோன்றும் புற்று இன்னும் நெடுங்காலம் சத்திரவைத்தியரின் கைக்கு எட்டாதிருந்தது. அங்கே ஈரலின் நாடியும் வாயில் நாளமும் கானை ஒட்டியே செல்கின்றன. புற்றோ கானின் சுவர் வழியே ஊர்ந்து ஈரலுக்குள் நுழைவது. 1957 இற் பிரான்சு நாட்டுக் குளோட் குயினோ ஈரலின் குழாய்களை வார்ப்பெடுத்து ஆராய்ந்து, அவ்வுறுப்பு தனித்தனிக் குருதியோட்டமும் தனித்தனிப் பித்தக்கானும் உடைய 8 பகுதிகளாக அமைந்துள்ளது எனக் காட்டினார். வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்க இயலும் என்பது இதனாற் புலனாயிற்று. 1965 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஜெரால்ட் கிளாட்ஸ்கின் இவ்வகைப் புற்றுற்ற 13 பேரின் வரலாற்றை வெளியிட்டார். அவர் சத்திரவைத்தியர் அல்லர். ஈரல் நோய் வைத்தியர். இக்கட்டி சிறியது, மெதுவாக வளர்வது, இதனால் இறப்போர் பலர் புற்றுப் பரவி இறப்பதைவிட அடைப்பாலும் தொற்றாலுமே இறக்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. பித்தத்தை வெளியேற்ற வழி செய்தாலே ஆயுள் நீளும் என்பது இதனாற் பெறப்பட்டது.

1975 இற் பிஸ்மத்து, கொர்லெற் என்னும் இருவர், புற்று எக்கான்கள் வரை சென்றுள்ளது என்பதற்கேற்ப நோயை வகுத்தனர். பின்னர் வழிகாட்டியது யப்பான் நாடு. கானை மட்டும் வெட்டுதல் போதாது, ஈரலின் ஒரு பாதியையும், கான்களை ஒட்டிக் கிடக்கும் வாற்சோணையையும் சேர்த்து நீக்கல் வேண்டும் என நகோயா நகரத்து நிமுராவும் அவர் துணைவரும் 1990 இல் வற்புறுத்தினர். ஈரலிற் பெரும்பகுதியை நீக்கினால் எஞ்சியது உயிரைத் தாங்குமா என்னும் வினா எழுந்தது. ஈரல் வளரவல்ல உறுப்பு. ஆதலால், நீக்கப்படவுள்ள பகுதிக்குச் செல்லும் வாயில் நாளத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் சில கிழமைகள் காத்திருப்பின், மற்றைப் பகுதி பருக்கும். மக்குச்சியும் அவர் துணைவரும் 1980 களிற் கையாண்ட இம்முறை பின்னர் எங்கும் பரவியது.

காத்திருத்தல் எப்போதும் நன்மை பயக்குமோ எனின், இல்லை. 2010 இல் ஒல்லாந்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று, சதையித் தலைப்புற்றாற் காமாலையுற்றோர்க்கு வழக்கமாக முதலிற் குழாய் வைத்துப் பித்தம் இறக்கியபோது 100 க்கு 74 பேர்க்குப் பெருங்கேடுகள் நேர்ந்தன என்றும், காமாலையோடே விரைவிற் சத்திரசிகிச்சை செய்தபோது 39 பேர்க்கே நேர்ந்தன என்றும் காட்டியது. குழாய் வழியே புகும் தொற்றே இதற்குப் பெருங்காரணம். கௌஷின் காலத்தில் இன்றியமையாததாயிருந்த காத்திருத்தல், உயிர்ச்சத்தும் மயக்கமருந்தும் வளர்ந்த காலத்திற் சிலருக்குக் கேடாயிற்று. காமாலை மிக முற்றியோர்க்கும், ஈரலின் பெரும்பகுதி நீக்கப்பட வேண்டியோர்க்கும் அது இன்னும் தேவைப்படுகின்றது. எவருக்குப் பொறுத்தல், எவருக்கு விரைதல் எனப் பகுத்தறிதலே இன்றைய சத்திரவைத்தியரின் கலையாகும்.

ஆயுட் கணக்கு

இத்துணை முயற்சியால் நோயாளி பெற்ற பயன் யாது? பெரிய வைத்தியசாலைகளின் அறிக்கைகளின்படி, ஈரல் வாயிற் புற்று வெட்டிய விளிம்பில் எஞ்சாமல் முற்றாக நீக்கப்பெற்றோருள், ஏறக்குறைய 100 க்கு 25 முதல் 40 வரையானோர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். ஹால்ஸ்ரெட்டின் நோயாளி வாழ்ந்த சில மாதங்களோடு ஒப்பிடின் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் வைத்தியசாலைக்கு வரும்போதே வெட்டி நீக்கும் நிலையைக் கடந்துவிட்டோரே பெரும்பாலர் என்பது துயரமான உண்மை.

சத்திரசிகிச்சைக்குப்பின் கபெசிற்றபீன் என்னும் மருந்தை ஆறு மாதம் உட்கொள்வது பற்றி 447 பேரிடம் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி 2019 இல் வெளிவந்தது. மருந்துண்டோரின் நடுவண் ஆயுள் 51 மாதமாகவும், உண்ணாதோரின் ஆயுள் 36 மாதமாகவும் காணப்பட்டது. எல்லோரையும் சேர்த்து நோக்கிய கணக்கில் இவ்வேறுபாடு புள்ளிவிபரவியலின் எல்லையை முற்றாகத் தொடவில்லை. எனினும் மருத்துவ உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. வெட்ட இயலாதோர்க்கு இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு மருந்தால் 8.1 மாதமாயிருந்த நடுவண் ஆயுள் 11.7 மாதமாயிற்று என 2010 இல் 410 பேரை ஆராய்ந்து கண்டனர். மூன்றரை மாதம் எண்ணிற் சிறிது. மகளின் திருமணத்தையோ பேரனின் ஏடு தொடக்கலையோ காண விரும்பும் ஒருவர்க்கு அது சிறிதன்று.

ஈரல் மாற்றுச் சிகிச்சையின் வரலாறும் இங்குக் குறிப்பிடத்தக்கது. முதலில் இப்புற்றுக்கு ஈரல் மாற்றியபோது புற்று மீண்டும் தோன்றியமையால், அம்முயற்சி பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1993 இல் அமெரிக்காவின் மாயோ வைத்தியசாலையார், முதலிற் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து, புற்றுப் பரவாதோரை மட்டும் தேர்ந்து, அதன்பின் ஈரலை மாற்றும் முறையைத் தொடங்கினர். 12 அமெரிக்க வைத்தியசாலைகளில் இவ்வழிச் சென்ற 287 பேரின் கணக்கு 2012 இல் வெளிவந்தது. ஈரல் மாற்றப்பெற்றோருள் 100 க்கு 65 பேர் 5 ஆண்டுகள் புற்று மீளாது வாழ்ந்தனர். தோல்வியுற்ற ஒரு முறை, நோயாளரைத் தேர்வதில் வந்த தெளிவினால் வெற்றியாயிற்று.

வெட்ட இயலாதோரும் கைவிடப்படவில்லை. வாய்வழியே அகநோக்குக் கருவியைச் செலுத்தி, அடைபட்ட கானிற் சிறு குழாயொன்றைப் பொருத்தும் முறை 1980 அளவில் ஹம்பேர்க் நகரத்துச் சொகேந்திராவால் அறிவிக்கப்பட்டது. வயிற்றைக் கீறாமலே காமாலையும் அரிப்பும் தணிகின்றன. நோயைத் தீர்க்காவிடினும் துன்பத்தைத் தீர்க்கும் இதுவும் மருத்துவமே.

நோய் வாராமற் காத்தலும் ஒருபுறம் வளர்ந்துள்ளது. தாய்லாந்தின் வடகிழக்கில் இப்புற்று மிகுதி. பச்சை ஆற்றுமீனை உண்பதால் உடலிற் புகும் ஈரற் புழுவே அங்கு முதன்மைக் காரணம். அப்புழுவைப் புற்று விளைப்பதென 1994 இல் உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. மீனைச் சமைத்தே உண்ணும் நம் நாட்டில் அக்காரணம் இல்லை எனலாம். ஆயினும் பிறவியிலேயே கான் பைபோல விரிந்திருத்தல், கானின் நீடித்த அழற்சி ஆகியன எந்நாட்டவர்க்கும் உண்டு. விரிந்த கானைச் சிறுவயதிலேயே நீக்கிவிடின் பிற்காலப் புற்றின் அச்சம் பெரிதும் குறையும்.

முடிவுரை

தமிழர் வாழும் நாடுகளிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் ரங்கபாஷ்யம் இரைப்பை குடற் சத்திரசிகிச்சைக்கெனத் தனித்துறை நிறுவிப் பல மாணாக்கரை உருவாக்கினார். இலங்கையிலும் ஈரல், பித்தக்கான் சத்திரசிகிச்சையில் தேர்ந்தோர் அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளிற் பணிபுரிகின்றனர். அங்கே ஏழைக்கும் கட்டணமின்றியே சிகிச்சை கிடைக்கின்றது. கிறீனின் தமிழ் மாணாக்கர் படத்திற் கண்ட கானை இன்று இந்நாட்டுச் சத்திரவைத்தியர் தம் கையாலே தொட்டுச் சீராக்குகின்றனர்.

ஆயின் இவ்வரலாறு புகட்டும் முதன்மையான பாடம் வேறு. நோயாளியின் ஆயுளை நீட்டியவற்றை எண்ணிப் பார்ப்பின், அவற்றுட் கத்தியின் துணிவு ஒன்றே. பட்டு நூலும், கோழிக்குஞ்சிடம் கண்ட உயிர்ச்சத்தும், ஈரலின் பகுப்பும், காத்திருத்தலின் அளவும் ஏனையவை. இவை யாவும் கைகூடிய பின்னரும் எஞ்சி நிற்பது காலம். கட்டி சிறிதாயிருக்கும் போதே நோயாளி வந்து சேராவிடின் மேற்கூறியவற்றுட் பெரும்பகுதி அவர்க்குப் பயன்படுவதில்லை.

தம்புள்ளைச் சந்தியில் இன்று நாடெங்குமிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவிலும் வந்து கூடுகின்றன. 1999 இல் தொடங்கிய பொருளாதார நிலையத்தின் வாணிகம் அது. அவ்வாகனங்களிலும் சுற்றுக் கிராமங்களின் வயல்களிலும் உழைப்பவர் ஒருவரின் கண் மஞ்சளாகின்றது எனக் கொள்வோம். நோவில்லை, காய்ச்சல் இல்லை. அவர் மூலிகை அரைத்துக் குடித்துப் பத்தியம் இருக்கின்றார். தொற்றாலான காமாலையாயின் தணிந்துவிடும். ஆனால் மலம் வெளிறிச் சிறுநீர் கறுத்து, உடல் அரித்து, எடையும் குறைந்துகொண்டே வருமாயின், அது தணியும் காமாலை அன்று. ஒரு நாளும் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் சென்று ஒலியலைப் படம் எடுத்தல் வேண்டும். கான் விரிந்துள்ளதா இல்லையா என்பதைச் சில நிமிடத்தில் அது காட்டிவிடும். கூர்வாசியேயின் கை தேடியதை இன்று அக்கருவி தேடித் தருகின்றது.

பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்தான் எனப்படும் புத்ததாசன், நோயாளிக்கும் வைத்தியர்க்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைத்தான். இன்று சாலைகள் உள; வைத்தியசாலைகள் உள. இனிக் குறைக்கப்பட வேண்டியது அறியாமையால் நேரும் காலத்தாழ்ச்சியே. மஞ்சள் நிறம் நோயன்று, நோயின் தூதுவன் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிந்து தம் வீட்டாருக்கு எடுத்துரைப்பாராயின், ஹால்ஸ்ரெட் முதலியோர் நூறாண்டுக்கு மேலாகத் தேடிய பயன் இவ்வூரின் கடைசிக் கிராமத்தையும் வந்து சேரும்.